குடும்ப வ்லாக் தலைப்புகள்: உள்ளே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் ஏன் தொடுகிறோம்?

காவிரிக்கரை (கேள்வி):

வணக்கம். வீட்டு அன்றாடத்தைப் படம் பிடித்துப் போடும் தமிழ் யூடியூப் சேனல்கள் சிலவற்றை எங்கள் வீட்டில் எல்லோருமே பார்க்கிறோம். சமையல், வீடு ஒழுங்குபடுத்துவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, பண்டிகைக்குத் துணி எடுப்பது என்று போகும் காணொளிகள்தான்; அந்தச் சாதாரணத்துக்காகவே பார்க்கிறோம் என்றும் சொல்லலாம். ஆனால் அவற்றின் தலைப்புகளுக்கும் அந்தச் சாதாரணத்துக்கும் தொடர்பே இருப்பதில்லை. "கடைசியில் அது நடந்தே விட்டது", "இனி இவர் எங்களோடு இல்லை", "இத்தனை நாள் மறைத்தோம், இனி முடியாது", "இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓடினோம்" என்ற வகைத் தலைப்புகளைத்தான் சொல்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தால், நடந்தே விட்டது என்பது சமையலறைக்கு டைல்ஸ் பதித்த வேலை. எங்களோடு இல்லாதவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன கொழுந்தன். மறைத்து வைத்தது புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின். மருத்துவமனை என்பது பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் பழத்தோடு போன இடம்.

என் மாமியார் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாளிதழில் வரும் தள்ளுபடி விளம்பரத்தைக்கூட இரண்டு முறை படித்துச் சந்தேகப்படுகிறவர். அவரே இத்தகைய தலைப்பைக் கண்டதும், "அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, போட்டுப் பார்" என்கிறார். ஒன்றும் ஆகியிருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் போடுகிறோம், முழுவதும் பார்க்கிறோம், மறுநாளும் அதே சேனலுக்குப் போகிறோம். ஏமாற்றப்பட்டவர்கள் இப்படித் திரும்பத் திரும்பப் போவார்களா என்பதுதான் எனக்குப் புரியாத இடம். இந்தத் தலைப்புகள் எப்படி வேலை செய்கின்றன, யூடியூப் நிறுவனம் இவற்றை ஏன் விட்டு வைத்திருக்கிறது என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். "பார்க்காமல் விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரையைத் தயவுசெய்து தவிர்க்கவும்; அது எங்களுக்கும் தெரியும்.


வெட்டும் ஒட்டும்:

சகோதரி, நான் கோயம்புத்தூரில் எடிட்டிங் வேலை செய்கிறேன். இந்த வகைச் சேனல்களுக்கும் செய்து தருவதுண்டு என்பதால் தலைப்பு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். காணொளி எடுத்து முடித்தபின் அதற்கு ஏற்ற தலைப்பைத் தேடுவார்கள் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் கண்டவரையில், கொஞ்சம் வளர்ந்த சேனல்களில் தலைப்பும் தம்நெயிலும்தான் (காணொளியைத் திறக்கும் முன் தெரியும் சிறு படம்) முதலில் முடிவாகின்றன. அந்தத் தலைப்பு விழாமல் நிற்பதற்கு வேண்டிய ஒரு சிறு காட்சி, அன்றைய சமையலுக்கும் கடைவீதிக்கும் நடுவே பிறகு எடுக்கப்படுகிறது.

இதற்குக் காரணம் ஓர் எண். ஒரு காணொளியின் தம்நெயில் எத்தனை முறை திரையில் தோன்றியது, அதில் எத்தனை முறை தொடப்பட்டது என்பதை யூடியூப் ஸ்டூடியோ சேனல் நடத்துபவருக்கு விழுக்காட்டில் காட்டுகிறது. யூடியூபின் உதவிப் பக்கமே சொல்லும் கணக்கின்படி, சேனல்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு இந்த விகிதம் 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கிறது. அதாவது, நூறு பேர் கண்ணில் பட்டால் தொண்ணூறு பேரோ அதற்கு மேலோ கடந்து போய்விடுகிறார்கள். காணொளி அதேதான், தலைப்பு மட்டும் மாறி, விகிதம் 4 என்பது 8 ஆனால் கூட்டம் இரட்டிப்பாகிறது. இதைவிடக் குறைந்த உழைப்பில் வருமானத்தைக் கூட்டும் வழி இந்தத் தொழிலில் வேறெதுவும் இல்லை. நல்ல கேமரா வாங்கினாலும், பத்து மணி நேரம் கூடுதலாக எடிட் செய்தாலும் இந்த மாற்றம் வராது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். சொடுக்கை மட்டும் எண்ணினால் பொய்த் தலைப்புதான் வெல்லும் என்பது யூடியூபுக்குத் தெரியாததல்ல. 2012இல் அந்த நிறுவனம், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அடிப்படையாக வைத்துப் பரிந்துரைக்கத் தொடங்கியது. 2016இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலும், சொடுக்கு விகிதத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினால் பார்ப்பவர் பாதியில் விட்டுப்போகும் ஏமாற்றுக் காணொளிகளே மேலே வருகின்றன, பார்க்கும் நேரமே சரியான அளவு என்று எழுதியிருக்கிறார்கள். செய்தி போலத் தோற்றமளிக்கும் பொய்க் காணொளிகளை இந்த மாற்றம் ஓரளவு ஒடுக்கியது உண்மை. "முதல்வர் பதவி விலகினார்" என்ற தலைப்பைப் பார்த்துத் திறப்பவர், உள்ளே அது இல்லையென்றால் அரை நிமிடத்தில் வெளியேறிவிடுவார். அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை.

குடும்ப வ்லாக்கில் அப்படி நடப்பதில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அந்தச் சாதாரணத்துக்காகவே பார்க்கிறோம் என்று. "என்ன ஆயிற்றோ" என்ற பதற்றத்தில் உள்ளே வந்தவருக்கு, வழக்கமாகப் பிடித்த சமையலறையும் பிள்ளைகளின் பேச்சும் அங்கே காத்திருக்கின்றன. தலைப்பு பொய்த்துப் போனாலும் காணொளி பிடித்துப் போகிறது, உட்கார்ந்து பார்க்கிறார். யூடியூபின் பரிந்துரை இயந்திரத்துக்குப் பெரும்பாலும் தெரிவது ஒருவர் தொட்டார், பதினொரு நிமிடம் இருந்தார் என்பதுதான். அவர் மனநிறைவோடு போனார் என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. பார்க்கும் நேரத்தை அளந்து ஏமாற்றைக் களையலாம் என்ற ஏற்பாடு, ஏமாந்தவர் எழுந்து போய்விடுவார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. எழுந்து போகாத ஏமாற்றத்தை அதனால் பிடிக்க முடியவில்லை.

அதற்கு ஏற்றபடியே நாங்களும் தொகுக்கிறோம். முதல் இருபது விநாடியில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு துண்டுக் காட்சி, அதன்மேல் மெல்லிய பியானோ, உடனே, "அதற்கு முன்னால் காலையில் என்னென்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்" என்ற குரல், பிறகு இட்லி. தலைப்பில் சொன்ன விஷயம் எட்டாவது நிமிடத்துக்கு முன்னால் வருவது அரிது. காணொளி எட்டு நிமிடத்தை எட்டினால்தான் நடுவில் விளம்பரங்களை வைக்க முடியும். 2020 ஜூலை வரை இந்த எல்லை பத்து நிமிடமாக இருந்தது, அதன்பின் எட்டாகக் குறைக்கப்பட்டது. விளம்பர வருவாயில் 55 விழுக்காடு சேனலுக்கு வருகிறது. எனவே நடுவில் ஒன்றிரண்டு விளம்பரங்கள் ஓடி முடிந்த பிறகே கொழுந்தன் பெங்களூருக்கு ரயில் ஏறுவார்.


சுட்டெழுத்து:

மேலே எழுதியவர் இயந்திரத்தின் பக்கத்தை விளக்கிவிட்டார். தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு அந்தத் தலைப்பு வாக்கியங்களின் மேல்தான் கண் போகிறது. காவிரிக்கரை தந்த நான்கு தலைப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றில்கூட நேரடியான பொய் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கொழுந்தன் இப்போது அவர்களோடு இல்லை, மருத்துவமனைக்கும் போனார்கள். பொய் சொல்லாமலே பதற வைப்பதற்கு நம் மொழியின் அமைப்பு மிக வசதியாக இருக்கிறது.

தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். "கிளம்பிவிட்டார்" என்று எழுதினால் யார் என்பது மறைந்திருக்கிறது, ஆனால் விகுதி ஒரு துப்புக் கொடுத்துவிடுகிறது: மதிப்புக்குரிய ஒருவர், ஒருவேளை மாமனாரோ கணவரோ. "போய்விட்டாள்" என்றால் இளைய பெண். அந்தக் குடும்பத்தை நாள்தோறும் பார்ப்பவருக்கு அந்த விகுதி ஒன்றே போதும். அவர் மனம் தானாக ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும். இதோடு, இறப்பை நேராகச் சொல்லக் கூசும் நம் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. "போய்விட்டார்", "இப்போது இல்லை" என்பவை ஊருக்குப் போனவருக்கும் பொருந்தும், உலகத்தை விட்டே போனவருக்கும் பொருந்தும். இழவு வீட்டில் மரியாதைக்காக நாம் கையாளும் மென்மையை இந்தத் தலைப்புகள் எடுத்து, டைல்ஸ் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இது தமிழுக்கு மட்டும் உரிய தந்திரமும் அல்ல. 2015இல் புளோம், ஹான்சன் என்ற இரு டென்மார்க் ஆய்வாளர்கள், அந்நாட்டின் 10 செய்தித் தளங்களிலிருந்து 100,000 தலைப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். "இது", "இவர்", "இதனால்தான்" போன்ற சுட்டுகளை, சுட்டப்படும் பொருளைச் சொல்லாமலே முன்னால் நிறுத்திவிட்டு, பொருளைக் கட்டுரைக்குள் ஒளித்து வைப்பதே இத்தகைய தலைப்புகளின் அடிப்படை உத்தி என்று காட்டினார்கள். "கடைசியில் அது நடந்தே விட்டது" என்பதில் உள்ள "அது" செய்யும் வேலை அதுவே.

அந்தச் சுட்டு ஏன் இழுக்கிறது என்பதற்கு அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதிய கட்டுரை இன்றும் நல்ல விளக்கம் தருகிறது. நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் எழுகிறது என்பது அவர் வாதம். முற்றிலும் தெரியாத ஒன்றில் இடைவெளியே தோன்றாது. பெரும்பகுதி தெரிந்து, கொஞ்சம் மட்டும் விடுபட்டிருந்தால்தான் அந்தக் கொஞ்சம் உறுத்தும். முன்பின் தெரியாத ஒருவரின் சேனலில் "அவர் கிளம்பிவிட்டார்" என்று பார்த்தால் நமக்கு ஒன்றும் தோன்றாது. மூன்று ஆண்டுகளாகப் பார்த்து, அந்த வீட்டின் அஞ்சறைப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுவரை தெரிந்த பிறகு, அதே இரண்டு சொல் நம்மை விடாது. இந்தத் தலைப்புகள் புதியவர்களைவிடப் பழைய பார்வையாளர்களையே அதிகமாகப் பிடிக்கும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

உங்கள் மாமியாரின் பதற்றத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1956இல், தொலைக்காட்சி புதிதாகப் பரவிக்கொண்டிருந்த காலத்தில், ஹார்டன், வோல் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுபவர் நம்மை நேராகப் பார்த்துப் பேசுவதால், அவரை நேரில் அறிந்தது போன்ற ஒருதலை உறவு பார்ப்பவரிடம் வளர்கிறது என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். அன்று அது நிகழ்ச்சித் தொகுப்பாளரைப் பற்றிய பேச்சு. இன்று "அக்கா", "அண்ணா", "நம்ம குடும்பம்" என்று சேனல் நடத்துபவரே உறவுமுறை வைத்து அழைக்கிறார். உறவுக்காரர் வீட்டிலிருந்து இரவில் தொலைபேசி வந்தால், வழக்கமாகச் சும்மா பேசுகிறவர்தான் என்று தெரிந்தாலும் எடுக்காமல் இருக்க மாட்டோம். ஆகவே உங்கள் மாமியாருக்கு அறிவு குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. அவருடைய அக்கறைதான் அந்த இடத்தில் செலவாகிறது.

துயரமான சொற்களுக்கு இழுவை அதிகம் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. அப்வொர்த்தி என்ற அமெரிக்கத் தளம் ஒரே கட்டுரைக்குப் பல தலைப்புகளை வைத்துச் சோதித்த பழைய பதிவுகளை ஆராய்ந்து, 2023இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடும்போது சொடுக்கு விகிதம் 2.3 விழுக்காடு உயர்ந்தது என்றும், நேர்மறைச் சொற்கள் அதைக் குறைத்தன என்றும் கண்டார்கள். அது ஆங்கிலச் செய்தி வாசகர்களைப் பற்றியது. அப்படியே நம் வ்லாக்குகளுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மகிழ்ச்சியான வீடுகளின் தலைப்புகள் ஏன் அழுகின்றன என்பதற்கு அதில் ஒரு குறிப்பு இருக்கிறது.


திண்ணைப் பேச்சு:

இதில் புதிதாக என்ன இருக்கிறது? மாலை நாளிதழ்களின் வால்போஸ்டர் பெட்டிக்கடை வாசலில் தொங்கிய காலத்திலிருந்து "பிரபல நடிகை திடீர் முடிவு" என்று பார்த்துத்தான் வளர்ந்தோம். முடிவு என்ன என்று காசு கொடுத்து வாங்கிப் படித்தால், தலைமுடியை வெட்டிக்கொள்ள முடிவு செய்திருப்பார். யாரும் அதற்காக ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை.


சுட்டெழுத்து:

ஐயா, வால்போஸ்டர் இதன் மூத்த உறவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போஸ்டரில் இருந்தவர் நடிகை; அவரை எழுதியது மூன்றாம் மனிதர். இங்கே தன் வீட்டுப் பெரியவரைப் பற்றித் தானே அப்படி எழுதி, அவர் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் போடுகிறார்கள். தவிர, போஸ்டரைக் கண்டு ஏமாந்தவர் நாளிதழை வாங்கிய பிறகு ஆசிரியர் அலுவலகத்துக்கு ஒரு தகவலும் போவதில்லை. இங்கே நீங்கள் எந்த விநாடியில் விலகினீர்கள் என்பது உட்பட எல்லாம் போகிறது. அடுத்த தலைப்பு அதை வைத்துத் திருத்தப்படுகிறது.


கல்சட்டி:

நான் ஒரு சிறிய சமையல் சேனல் நடத்துகிறேன். இந்த இழையில் பேசப்படுவது எல்லாச் சேனல்களுக்கும் பொருந்தும் என்ற எண்ணம் வரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். யூடியூபில் ஒரு காணொளிக்கு ஆட்கள் வரும் வழிகள் பல. அவற்றில் எங்களுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, செயலியைத் திறந்ததும் முகப்பில் தானாகத் தோன்றுவது. மற்றொன்று, வேண்டியதைத் தட்டச்சு செய்தோ பேசியோ தேடிக் கண்டுபிடிப்பது. பதற்றத் தலைப்பு முதல் வழிக்கு மட்டுமே உதவும். "கடைசியில் அது நடந்தே விட்டது" என்று எவரும் தேடப் போவதில்லை. வத்தக்குழம்பு என்று தேடுவார்கள். அதையும் தமிழ் எழுத்தில் தேடுபவர், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர், "பேச்சிலர் வத்தக்குழம்பு" என்று கேட்பவர் என்று பல வகை. அதனால்தான் எங்கள் தலைப்புகளில் நடுவே கோடு போட்டு ஒரே பெயரை இரண்டு எழுத்திலும் எழுதுகிறோம். நூறு எழுத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அதிலும் கைப்பேசித் திரையில் முன்பகுதிதான் தெரியும். பார்ப்பதற்கு அழகாக இருக்காது. ஆனால் என் பழைய வத்தக்குழம்புக் காணொளிக்கு இன்றும் நாள்தோறும் ஆள் வருகிறது.

குடும்ப வ்லாக்கின் சிக்கலே அதற்குத் தேடல் வழி இல்லை என்பதுதான். செவ்வாய்க்கிழமை ஒரு குடும்பம் என்ன செய்தது என்று யாரும் தேட மாட்டார்கள். முகப்பில் தோன்றும் முதல் ஓரிரு நாளில் பார்க்கப்பட்டால் உண்டு, இல்லையென்றால் அந்தக் காணொளி முடிந்தது. புடவைக் கடைக்காரரோ நகைக் கடைக்காரரோ விளம்பரம் பேச வரும்போது கேட்பதும், அண்மைக் காணொளிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு போயிற்று என்பதைத்தான். வாரத்துக்கு நான்கைந்து காணொளி போட்டாக வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு நாளில் ஓடியாக வேண்டும், ஆனால் வீட்டில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த மனிதர்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் எதுவும் நடக்காமல் இருப்பது எவ்வளவு நல்லது என்பது நமக்குத் தெரியும். இந்தத் தொழிலில் மட்டும் அது நட்டம். நான் அவர்களை நியாயப்படுத்தவில்லை. பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம் என்கிறேன்.

எடிட்டர் தம்பி எழுதியதில் ஒன்றை மறுக்கிறேன். பார்ப்பவர் எழுந்து போவதே இல்லை என்பது சரியல்ல. அன்றைக்கு எழுந்து போவதில்லை, அவ்வளவுதான். என் அக்கா உட்படப் பலர், கோபப்பட்டு வெளியேறாமல், மெல்ல மெல்லப் பார்ப்பதைக் குறைத்து, ஒரு கட்டத்தில் அந்தச் சேனல் பெயரையே மறந்துவிட்டார்கள். அந்த விலகல் எந்தக் காணொளியின் கணக்கிலும் எழுதப்படுவதில்லை என்பதால், எந்தத் தலைப்பால் வந்தது என்பதும் சேனல்காரருக்குத் தெரிவதில்லை.


வெட்டும் ஒட்டும்:

அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த மெல்லிய விலகலைப் பற்றி எங்கள் அறையில் யாரும் பேசுவதில்லை, ஏனெனில் அது எந்தத் தலைப்பால் வந்தது என்று காட்டும் வரைபடம் எதுவும் இல்லை. அன்றாட விகிதத்துக்கு வரைபடம் இருக்கிறது. 2024இல் பரவலாகக் கொடுக்கப்பட்ட தம்நெயில் சோதனை வசதியில் ஒரே காணொளிக்கு மூன்று தம்நெயில் வரை வைக்கலாம். எது அதிகப் பார்வை நேரத்தைத் தருகிறதோ அதை யூடியூப் வெற்றி பெற்றதாகக் காட்டும். சொடுக்கை வைத்து முடிவு செய்யாமல் பார்வை நேரத்தை வைத்து முடிவு செய்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் நான் முன்பு சொன்ன காரணத்தால், குடும்ப வ்லாக்கில் அழுத முகத்தைத் தொட்டு வந்தவரும் முழுதாகப் பார்த்துவிட்டே போகிறார். சிரித்த முகத்துக்கு அதனால் கூடுதல் மதிப்பெண் கிடைப்பதில்லை.


காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சுட்டெழுத்து அவர்களின் விகுதி விளக்கத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். பாடம் நடத்திய காலம் நினைவுக்கு வந்தது போல, அன்றைய முகப்பில் இருந்த தலைப்புகளை எல்லாம் பிரித்து எழுவாய் தேடத் தொடங்கிவிட்டார். ஒரு கேள்வி மட்டும் விடை பெறாமல் நிற்கிறது. யூடியூபில் இதற்கு விதி எதுவும் இல்லையா? சில தம்நெயில்களில் குழந்தை அழும் படத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு வைக்கிறார்கள். அந்தக் குழந்தை அழுதது பொம்மைக்காக. நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?


நுகர்வோர் பக்கம்:

விதி இருக்கிறது, ஆனால் அது குறிவைப்பது வேறு இடத்தை. தலைப்பு, தம்நெயில், விளக்கக் குறிப்பு ஆகியவற்றால் பார்வையாளரை ஏமாற்றுவதை யூடியூபின் ஸ்பேம் கொள்கை தடை செய்கிறது. 2024 டிசம்பரில், இந்தியாவில் இதைக் கடுமையாக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். தலைப்போ தம்நெயிலோ வாக்களித்தது காணொளியில் இல்லையென்றால், குறிப்பாக அன்றாடச் செய்தி, நாட்டு நடப்பு தொடர்பானவற்றில், அந்தக் காணொளி நீக்கப்படும். தொடக்கத்தில் சேனலுக்கு ஸ்டிரைக் (விதிமீறலுக்கான தண்டனைக் குறி) தரப்படாது என்பது அதன் சுருக்கம். குடும்ப வ்லாக் இதில் ஏன் சிக்குவதில்லை என்பதற்கு மேலே தமிழாசிரியர் சொன்னதே விடை. தலைப்பில் பொய்யே இல்லை. "இனி இவர் எங்களோடு இல்லை" என்று சொன்னவர், காணொளியில் அவரை ரயில் ஏற்றியும் காட்டிவிட்டார். வாக்கு நிறைவேற்றப்பட்டது, நீங்கள் நினைத்துக்கொண்டதற்கு அவர் பொறுப்பல்ல.

இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை, விளம்பரம் என்ற நிலைக்கு வரும்போதுதான் பிடி கிடைக்கிறது. "எங்கள் புது வாழ்க்கை தொடங்கியது" என்று தலைப்பிட்டு, உள்ளே காசு வாங்கிக்கொண்டு ஒரு கடையின் நகைச் சீட்டை விளக்கினால், அது பணம் பெற்ற விளம்பரம் என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021இல் இதற்கு வழிகாட்டுதல் வகுத்தது; மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்றே விதிமுறைக் குறிப்பு வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க முடியும். குறிப்பை விளக்கப் பகுதியின் அடியில் ஒளித்து வைப்பதும் போதாது. காணொளியிலேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத காணொளியைக் கண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் தரலாம். குழந்தையின் அழுத முகத்துக்கு இதில் இடமில்லை என்பது வருத்தம்தான். குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று தோன்றினால் மட்டும், காணொளிக்குக் கீழே உள்ள புகார் வழியைப் பயன்படுத்தலாம்.

நேரத்தை மிச்சப்படுத்த விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். பார்க்காதீர்கள் என்ற அறிவுரை அல்ல. காணொளியின் ஓட்டப் பட்டையின் மேல் விரலை வைத்தால், எந்தப் பகுதி அதிகமாகத் திரும்பப் பார்க்கப்பட்டது என்பதை மலைமுகடு போன்ற ஒரு வரை காட்டும். 2022இல் வந்த வசதி. எல்லாக் காணொளிக்கும் வராது. வந்தால், தலைப்பில் சொன்ன விஷயம் பெரும்பாலும் அந்த முகட்டில்தான் இருக்கும். சில சேனல்களில், புண்ணியவான் ஒருவர் கருத்துப் பகுதியில் நிமிடக் கணக்கை எழுதி வைத்திருப்பார். மற்றவர்கள் விருப்பம் தெரிவித்து அதை மேலே கொண்டுவந்திருப்பார்கள். டிஸ்லைக் எண்ணிக்கையை 2021 நவம்பரிலிருந்து மறைத்துவிட்டதால், முன்கூட்டி எச்சரிக்கும் வழியாக இப்போது அந்தக் கருத்துதான் இருக்கிறது. ஒரு சேனல் எல்லை மீறினால், தம்நெயிலின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பார்வை நேரத்தால் உணர்த்த முடியாத அதிருப்தியை இயந்திரத்துக்கு நேராகச் சொல்லும் வழிகளில் அது ஒன்று.


வெட்டும் ஒட்டும்:

அந்த முகட்டு வரை பற்றி ஒரு சேர்ப்பு. நேராக அந்த இடத்துக்குத் தாவுபவர்கள் கூடிவிட்டால் சராசரிப் பார்வை நேரம் இறங்குகிறது. அது ஸ்டூடியோவில் எங்களுக்கும் தெரிகிறது. சில சேனல்கள் இதற்கு மாற்று கண்டுபிடித்துவிட்டன. விஷயத்தை அந்தக் காணொளியில் முழுதாகச் சொல்வதே இல்லை. எட்டாவது நிமிடத்தில் பெட்டியைத் திறக்கக் கை வைப்பார்கள், கணவர் "இங்கே வேண்டாம்" என்பார், மனைவி கேமராவைப் பார்த்து "அடுத்த வீடியோவில் கட்டாயம் சொல்கிறோம்" என்பார். முகடு எங்கே விழுந்தாலும் அங்கே ஒன்றும் இருக்காது. போன வாரம் எனக்கு வந்த ஒரு வேலையில் இப்படி மூன்று பாகம்.